டொர்னாடோ போன மறுநாள் டேமேஜ் சர்வே பண்றது எப்படி: புதுசா போறவங்களுக்கு முழு வழிகாட்டி

அமெரிக்காவுல டொர்னாடோ, அதாவது சுழல்காத்து, அடிச்ச மறுநாள் காலையில நேஷனல் வெதர் சர்வீஸ் (அரசு வானிலைத் துறை) ஆளுங்க இறங்கி நடந்து பாத்துட்டுதான் அது ஈஎஃப்1-ஆ ஈஎஃப்3-ஆன்னு சொல்றாங்க (ஈஎஃப்ங்கிறது சேதத்தை வெச்சு டொர்னாடோவோட பலத்தைச் சொல்ற அளவு, 0-லேர்ந்து 5 வரைக்கும்). அந்த டீம் கூட இன்ஜினியருங்க, காலேஜ்ல வானிலை படிக்கிற பசங்க, கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) எமர்ஜென்சி ஆளுங்கன்னு சில பேர் சேந்து போவாங்க. நான் ஓக்லஹோமாவுல வீட்டு ஸ்ட்ரக்சர் வேலை பாக்குறேன், சில வருஷமா இப்படி கூட போயிட்டு இருக்கேன். ஒவ்வொரு சீசனும் புதுசா வர்றவங்க அதே நாலஞ்சு இடத்துலதான் தடுமாறுறாங்க, அதுல பாதி தப்பு அளக்கத் தெரியாம வர்றது இல்ல, எதை முதல்ல பாக்கணும்ங்கிற வரிசை தெரியாம வர்றது. அதனால வரிசைப்படியே எழுதுறேன்.

1. கிளம்புறதுக்கு முன்னாடி ரேடார் பாருங்க

முந்தின ராத்திரியே உக்காந்து அந்த ஏரியா ரேடார் பதிவை ஒவ்வொரு ஸ்கேனா ஓட்டிப் பாருங்க. வெலாசிட்டி படத்துல (ரேடாரைப் பாத்து வர்ற காத்து பச்சை, விலகிப் போறது சிவப்பு) பச்சையும் சிவப்பும் ஒட்டி ஒட்டி நிக்கிற இடம்தான் சுழற்சி. அதே இடத்துல கோரிலேஷன் கோஎஃபிஷியன்ட் (ரேடார்ல படுற துகள் எல்லாம் எவ்வளவு ஒரே மாதிரி இருக்குன்னு சொல்ற அளவு) சட்டுன்னு கீழ இறங்கியிருந்தா பலகை, ஷீட்டு, இலை தழைன்னு கண்டது மேல ஏறிடுச்சுன்னு அர்த்தம், மழையும் ஆலங்கட்டியும் பொதுவா அவ்வளவு கீழ இறக்காது.

அந்தப் புள்ளிகளை எல்லாம் மேப்ல கோடா இழுத்து வெச்சுக்கங்க. அதுதான் நாளைக்கு நீங்க தேடப் போற பாதை. ஆனா அந்தக் கோட்டை வேதவாக்கா எடுத்துக்காதீங்க, ரேடார் 60 மைல் தள்ளி இருந்தா அதோட கீழ்மட்ட பீமே தரையிலேர்ந்து 4,500 அடி உயரத்துக்கு பக்கமா போகும். மேல பாத்ததும் தரையில நடந்ததும் அரை மைல், ஒரு மைல் விலகி இருக்கலாம்.

நேரமும் இப்பவே குறிச்சுக்கங்க. தரையில பாத்து டொர்னாடோ எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு சொல்லவே முடியாது, வீட்டுக்காரங்க சொல்ற நேரம் பத்து நிமிஷம் முன்ன பின்ன இருக்கும். ரேடார் நேரம் யூடிசி-ல (உலகப் பொது நேரம்) இருக்கும், லோக்கல் டைமுக்கு மாத்தும்போது டேலைட் சேவிங்கை (கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வைக்கிறது) மறந்து ஒரு மணி நேரம் தப்பா எழுதுறது ரொம்ப சாதாரணமா நடக்குது.

2. கையில இருக்க வேண்டியது

அடிப்பக்கம் ஆணி குத்தாத பூட்ஸ். இது இல்லாம வராதீங்க, இடிஞ்ச வீட்டைச் சுத்தி நடக்கும்போது பலகைக்கு பலகை ஆணி மேல பாத்து நிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு வருஷம் ஆச்சுன்னும் பாத்துக்கங்க. ஹெல்மெட், கையுறை, பளிச்னு தெரியுற வெஸ்ட், தண்ணி.

சர்வேக்கு டேமேஜ் அசெஸ்மெண்ட் டூல்கிட்னு ஒரு ஆப் இருக்கு, அதுலதான் ஒவ்வொரு பாயிண்ட்டும் போட்டோவோட ஏறும். மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வெச்சுக்கங்க, ஏன்னா டவர் விழுந்திருக்கும், இல்லன்னா மொத்த ஊரும் ஒரே டவர்ல தொங்கிட்டு இருக்கும். போன்ல லொகேஷன் ஆன்ல இருக்கான்னு முதல் போட்டோ எடுத்ததும் செக் பண்ணுங்க. லொகேஷன் இல்லாம 300 போட்டோ எடுத்துட்டு வந்த ஒரு பையன் கூட உக்காந்து எது எந்த வீடுன்னு ராத்திரி முழுக்க தேடியிருக்கேன், பாதிக்கு மேல கடைசி வரைக்கும் தெரியவே இல்ல.

நீளமான டேப், திசைகாட்டி, பேப்பர் நோட்டு, பவர் பேங்க். இவ்வளவு போதும்.

3. ஊருக்குள்ள நுழையறது

நேரா பாதிச்ச தெருவுக்கு போகாதீங்க. முதல்ல கவுண்டி எமர்ஜென்சி மேனேஜரைப் பாத்து நாங்க வந்திருக்கோம்னு சொல்லுங்க. எந்த தெருவுல இன்னும் ஆள் தேடுறாங்க, எங்க கேஸ் லீக், எங்க கரண்ட் கம்பி கிடக்குன்னு அவருக்குத் தெரியும். தேடுதல் முடியாத தெருவுல நாம போறது அவங்க வேலைக்கு இடைஞ்சல், அங்க அப்புறம் போனா போதும்.

கீழ கிடக்குற கம்பி எல்லாத்துலயும் கரண்ட் இருக்குன்னே வெச்சுக்கங்க, கம்பி வேலியைத் தொட்டுக்கிட்டு கிடந்தா அந்த வேலி முழுக்கவே ஆபத்து. கேஸ் வாசம் வந்தா வந்த வழியே திரும்பி நடங்க.

வீட்டுச் சுவத்துல ஸ்ப்ரே பெயின்ட்ல பெரிய எக்ஸ் போட்டிருக்கும். இடப்பக்கம் தேடின டீம், மேல தேதியும் நேரமும், வலப்பக்கம் உள்ள என்ன ஆபத்து, கீழ எத்தனை பேர் கிடைச்சாங்கன்னு. அதைப் படிக்கத் தெரிஞ்சுக்கங்க, வலப்பக்கம் ஏதாவது எழுதியிருந்தா உள்ள காலே வைக்காதீங்க. கீழே எழுதியிருக்குற நம்பரைப் பாத்துட்டீங்கன்னா அந்த வாசல்ல சத்தமா பேசவும் வேண்டாம்.

ட்ரோன் கையில இருந்தாலும் உடனே தூக்காதீங்க. பேரிடர் ஏரியா மேல தற்காலிக பறக்கும் தடை இருக்கலாம், ஹெலிகாப்டர் தாழ்வா வரும். லைசென்ஸ் இருக்கு, அனுமதியும் வாங்கியாச்சுன்னா மட்டும் பறக்க விடுங்க.

4. முதல்ல ஓரம், அப்புறம் நடு

புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு இங்கதான். எங்க ரொம்ப மோசமா இருக்கோ அங்க நேரா போய் நின்னுடுவாங்க. அங்க நின்னா எல்லாமே பயங்கரமா தெரியும், கண்ணு அந்த பயத்துக்கு பழகிடும், அதுக்கப்புறம் நூறு அடி தள்ளி இருக்குற சின்ன சேதம் சேதமாவே தெரியாது. அகலம் தப்பாகும், ரேட்டிங்கும் மேல போகும்.

அதனால பாதையோட ஆரம்பத்துக்குப் போங்க. இந்த சமவெளியில வசந்த காலத்துல வர்ற டொர்னாடோ பெரும்பாலும் தென்மேற்கிலேர்ந்து வடகிழக்கா போகும், அதனால தென்மேற்கு முனையில தேடத் தொடங்குங்க. பாதையைக் குறுக்கா வெட்டுற ஒவ்வொரு ரோட்டுலயும் மெதுவா வண்டி ஓட்டி, முதல் ஒடிஞ்ச கிளை எங்க, கடைசி ஒடிஞ்ச கிளை எங்கன்னு ரெண்டு பக்கமும் பாயிண்ட் போடுங்க. ஓக்லஹோமா, கான்சாஸ் கிராமத்துப் பக்கம் மைலுக்கு ஒரு ரோடு கட்டம் கட்டமா போகும், அது நமக்கு ரொம்ப சௌகரியம்.

எதுவும் ஆகாத இடத்துலயும் ஒரு பாயிண்ட் போடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். இந்த வீட்டுல ஒரு ஷிங்கிள்கூட (கூரை மேல ஒட்டுற தகடு) போகலன்னு எழுதி வெச்சாதான் பாதை அங்க முடிஞ்சதுன்னு சொல்ல முடியும், வெத்தா விட்டா யாரும் போய்ப் பாக்கலயா, சேதமே இல்லயான்னு பின்னாடி தெரியாது.

5. விழுந்த திசையைப் படிங்க

டொர்னாடோவா, நேர்க்கோட்டுக் காத்தான்னு இங்கதான் முடிவாகும். நேர்க்காத்துல மரம் எல்லாம் ஒரே பக்கமா படுத்திருக்கும், இல்லன்னா ஒரு புள்ளியிலேர்ந்து விசிறி மாதிரி விரிஞ்சு போகும். டொர்னாடோவுல ரெண்டு ஓரத்து மரமும் நடுக்கோட்டைப் பாத்து உள்பக்கமா சாஞ்சிருக்கும்.

ஒவ்வொரு மரத்துக்கும் திசைகாட்டி வெச்சு, வேர்லேர்ந்து நுனி எந்தப் பக்கம்னு டிகிரியில எழுதுங்க. கண்ணால பாத்து மனசுல வெச்சுக்கிட்டா முப்பதாவது மரத்துல குழம்பிடும்.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. டொர்னாடோ வேகமா நகரும்போது அது போற திசைக்கு வலப்பக்கம் சுழற்சியும் நகர்வும் ஒண்ணா சேரும், இடப்பக்கம் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும். அதனால சின்ன டொர்னாடோவுல வலப்பக்கம் மட்டும் மரம் விழுந்து, எல்லாம் ஒரே திசையில கிடக்குற மாதிரி தெரியும். நேர்க்காத்துன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இடப்பக்கம் இன்னொரு தடவை நடந்து பாருங்க, ரெண்டு மூணு கிளை எதிர்த்திசையில கிடந்தாகூட கதை மாறிடும்.

6. வீட்டைக் கீழிருந்து மேலா படிங்க

இதுதான் சர்வேயோட உயிர், இதுல அவசரப்படாதீங்க.

ஈஎஃப் அளவுல காத்தை யாரும் நேரா அளக்கல. 28 வகை டேமேஜ் இண்டிகேட்டர் இருக்கு, வீடு, மொபைல் ஹோம், ஸ்கூல், கரண்ட் கம்பம், மரம்னு. ஒவ்வொண்ணுக்கும் சேதத்துக்குப் படிநிலை இருக்கு, ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்க்கிற காத்து வேகமும் கீழ்வரம்பு, மேல்வரம்பும் இருக்கு. சாதாரண தனி வீட்டுக்கு 10 படி. கூரையோட பெரும்பகுதி போய் சுவர் நின்னா ஆறாவது படி, மணிக்கு 122 மைல். எல்லா சுவரும் போனா ஒன்பது, 170 மைல். நல்லா கட்டின வீடு ஸ்லாப் (கான்கிரீட் தரை) வரைக்கும் துடைச்சுப் போனா பத்து, 200 மைல், கீழ்வரம்பு 165.

அந்த 'நல்லா கட்டின'ங்கிற வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. இங்க வீடு மரச்சட்டம். கூரை சுவத்தைப் பிடிச்சிருக்கணும், சுவர் அடியில இருக்குற சில் பிளேட்டைப் பிடிச்சிருக்கணும், சில் பிளேட் கான்கிரீட்டை ஆங்கர் போல்ட்ல (கான்கிரீட்ல பதிச்ச போல்ட்) பிடிச்சிருக்கணும். இந்த சங்கிலியில எந்தக் கண்ணி முதல்ல விட்டுச்சோ அதுதான் காத்தோட வேகத்தைச் சொல்லும். அதனால நான் முதல்ல குனிஞ்சு கீழதான் பாப்பேன்.

ஒரு தடவை ஒரு ஸ்லாப் மேல நின்னோம், டைல்ஸ் ஒட்டின தரை மட்டும் மிச்சம், சுவர் ஒண்ணுகூட இல்ல. கூட வந்த பொண்ணு உடனே ஈஎஃப்5-ன்னு எழுதப் போனா. ஓரத்துல முட்டி போட்டுப் பாக்கச் சொன்னேன். ஆங்கர் போல்ட் கான்கிரீட்லேர்ந்து நேரா நிக்குது, கொஞ்சமும் வளையல, மரை அப்படியே புதுசா இருக்கு, நட்டு இல்ல, வாஷர் தடமும் இல்ல. கட்டும்போதே யாரும் மாட்டல. கொஞ்சம் தள்ளி உள்சுவர் இருந்த இடத்துல சில் பிளேட் ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுல ஸ்டட் (சுவருக்குள்ள நிக்கிற மரச்சட்டம்) அடிச்ச ஆணிங்க வளையாம நேரா உருவிட்டு நின்னுச்சு. அப்புறம் அவளே நிமிர்ந்து பாத்தா, ஸ்லாப்லேர்ந்து நாலடி தள்ளி ஒரு செடிப்புதர், இலை பாதிக்கு மேல இருக்கு. 200 மைல் காத்துல அந்தப் புதருக்கு இலை இருக்காது. அந்த வீட்டைக் கீழ்வரம்புக்கு இறக்கித்தான் எழுதினோம்.

நட்டும் வாஷரும் இறுக்கமா இருந்து, அதைச் சுத்தி மரம் பிளந்து கிழிஞ்சு போயிருந்தா அது வேற கதை, அங்க காத்து உண்மையாவே ஜாஸ்தி. 2014 ஏப்ரல் 27-ல ஆர்கன்சாஸ் வைலோனியாவுல ஸ்லாப் வரைக்கும் துடைச்சுப்போன வீடுங்க இருந்தும் ரேட்டிங் ஈஎஃப்4-ல நின்னதுக்கு வீடுங்க தரையைப் பிடிச்சிருந்த விதம் ஒரு முக்கிய காரணம்.

மேல போகும்போது கூரைச் சட்டம் சுவத்தோட சேர்ற இடத்தைப் பாருங்க. உலோக கிளிப் இருந்துச்சா, வெறும் சாய்வா அடிச்ச ஆணியா? கிளிப் கிழிஞ்சிருந்தா நல்ல பலம் தாண்டி வந்திருக்கு, ஆணி நழுவி வந்திருந்தா ரொம்ப காத்து தேவைப்பட்டிருக்காது.

கராஜ் கதவு எந்தப் பக்கம் பாத்திருக்குன்னும் எழுதுங்க. காத்து வர்ற பக்கம் கராஜ் கதவு உள்ள மடங்கிடுச்சுன்னா காத்து உள்ள புகுந்து கூரையை அடியிலேர்ந்து தள்ளும். ஒரே தெருவுல ஒரு வரிசை வீட்டுக்கு கூரை போய், எதிர் வரிசைக்கு போகாம இருந்தா பல சமயம் இதுதான் காரணம், டொர்னாடோ ஒரு பக்கத்தை விட்டுட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல. ஓக்லஹோமாவுல மூர் நகரத்துல 2013 டொர்னாடோவுக்கு அப்புறம், 2014-ல, 135 மைல் காத்து தாங்குற மாதிரி வீட்டு விதியை மாத்துனாங்க, கராஜ் கதவுக்கும் சேத்து. அதனால அங்க 2014-க்கு முன்ன கட்டின வீடா, பின்னயான்னு கேக்காம எழுதக்கூடாது.

நம்ம ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும். செங்கல் சுவர் சரிஞ்சு கிடக்குறதைப் பாத்ததும் நமக்கு வீடே போச்சுன்னு தோணும், ஏன்னா நம்ம ஊர்ல செங்கல்தான் வீட்டைத் தாங்குது. இங்க பெரும்பாலான வீட்டுல செங்கல் வெளிப்பக்கம் போத்தின தோல், உள்ள மரச்சட்டம்தான் தாங்குது. செங்கல் விழுந்து சட்டம் நின்னா அது சுவர் இடிஞ்சதுல சேராது.

7. மரமும் கம்பமும்

வீடு இல்லாத இடத்துல மரம்தான் சாட்சி. இலையுதிர் வகை மரம் வேரோட சாஞ்சா 91 மைல், அடிமரம் முறிஞ்சா 110. பைன் மாதிரி மரத்துக்கு 87, 104. பட்டை உரிஞ்சு மொட்டைக் கட்டையா நின்னா 143-ம் 131-ம்.

ஆனா முறிஞ்ச இடத்துக்குப் போய் கிட்டத்துல பாருங்க. உள்ள கருத்து உளுத்திருந்தா அந்த மரத்தை கணக்குல சேக்காதீங்க. முந்தின வாரம் முழுக்க மழை பெஞ்சு மண்ணு ஊறியிருந்தா வேரோட சாயறதுக்கு குறைஞ்ச காத்தே போதும். வீட்டு முன்னாடி அழகுக்கு வைக்கிற பிராட்ஃபோர்ட் பேர் மரம் சாதாரண மழைக்காத்துக்கே பிளக்கும், அதை வெச்சு ரேட்டிங் போடவே போடாதீங்க.

வெட்டு சமமா, வழவழன்னு இருந்தா அது ரம்பம். காலையில ரோடு திறக்க வந்தவங்க அறுத்துப் போட்டது, இழுத்து வேற திசையில போட்டும் இருப்பாங்க. அந்த மரத்தோட திசையை எழுதாதீங்க. அதே மாதிரி தேடுதல் டீம் ஆபத்தா நிக்கிற சுவரைத் தள்ளி விட்டிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நேத்து ராத்திரி இந்தச் சுவர் நின்னுச்சான்னு கேளுங்க.

மரக் கம்பம் முறிஞ்சா 118 மைல்னு வரும், ஆனா பத்து கம்பம் வரிசையா விழுந்தா பத்தும் காத்துல விழுந்ததுன்னு அர்த்தமில்ல, ஒண்ணு விழுந்து கம்பியைப் பிடிச்சு மத்ததை இழுத்திருக்கலாம். முதல்ல எது விழுந்துச்சுன்னு தேடுங்க.

8. போட்டோவும் நம்பரும்

ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் மூணு போட்டோ. தூரத்துலேர்ந்து சுத்துப்புறத்தோட ஒண்ணு, முழு வீடும் தெரியுற மாதிரி ஒண்ணு, விட்டுப்போன இணைப்பு கிட்டத்துல ஒண்ணு. கிட்டத்துப் படத்துல டேப்போ பேனாவோ வெச்சு எடுங்க, அளவு தெரியணும். அந்த மூணாவது படத்தைத்தான் எல்லாரும் மறக்குறாங்க, ஆபீஸ்ல உக்காந்து வாக்குவாதம் வரும்போது அது ஒண்ணுதான் உதவும்.

நம்பர் போடும்போது எதிர்பார்க்கிற வேகத்துல ஆரம்பிங்க, ஏறணும்னா ஏன், இறங்கணும்னா ஏன்னு ஒரு வரி கண்டிப்பா எழுதுங்க. ஒரே ஒரு வீடு ஈஎஃப்4, சுத்தியுள்ளது எல்லாம் ஈஎஃப்1-ன்னு வந்தா திரும்பப் போய்ப் பாருங்க, பறந்து வந்த கார் மோதியிருக்கலாம், இல்ல கட்டுமானத்துல கோளாறு இருக்கலாம். மொத்த டொர்னாடோவுக்கு ரேட்டிங் சராசரி இல்ல, நம்பிக்கையா சொல்லக்கூடிய அதிகபட்ச பாயிண்ட்தான். அதனாலதான் ஒவ்வொரு உயர் பாயிண்ட்டும் தாங்கணும்.

வெறும் வயல் மட்டும் இருந்தா இட்டுக்கட்டி நம்பர் போடாதீங்க. அடிக்க எதுவுமே இல்லாத இடத்துக்கு ஈஎஃப்-யு, அதாவது தெரியலன்னு ஒரு வகையே இருக்கு. 2013 மே 31 ஓக்லஹோமா எல் ரெனோ டொர்னாடோ 2.6 மைல் அகலம், வண்டியில ஏத்திட்டுப் போற மொபைல் ரேடார் ஈஎஃப்5-ஐ விட ரொம்ப மேலான காத்தை அளந்துச்சு, ஆனா தரையில கிடைச்ச சேதம் ஈஎஃப்3-க்குத்தான் இருந்துச்சு, ரேட்டிங்கும் ஈஎஃப்3-தான். கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா எல்லா டொர்னாடோவையும் ஒரே தராசுல வெக்கணும்னா இதுதான் வழி.

9. அங்க இருக்குற ஜனங்க

முதல் வார்த்தை எப்பவும் எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னுதான் இருக்கணும். அப்புறம் யாருன்னு சொல்லி, உங்க இடத்துல போட்டோ எடுக்கலாமான்னு கேளுங்க. முடியாதுன்னா அடுத்த வீட்டுக்குப் போயிடுங்க.

ரேட்டிங் என்னன்னு அவங்க கேட்டா அந்த இடத்துலயே சொல்லாதீங்க. வீட்டை இழந்தவர்கிட்ட போய் இது வெறும் ஈஎஃப்2-ன்னு சொன்னா அவர் பட்டதைச் சின்னதாக்குற மாதிரி கேக்கும். முகம், ஃபேமிலி போட்டோ, குழந்தைங்க சாமான், எதையும் படத்துல எடுக்காதீங்க. இடிபாட்டுலேர்ந்து எதையும், ஒரு ஆணியைக்கூட, ஞாபகத்துக்குன்னு எடுத்துட்டு வராதீங்க.

10. சாயங்காலம் கோடு இழுக்குறது

அன்னிக்கு ராத்திரியே உக்காருங்க, அடுத்த நாள் பாக்கலாம்னா பாதி மறந்துடும். எல்லா பாயிண்ட்டையும் மேப்ல போட்டு நடுக்கோடு இழுங்க. நீளம் மைல்ல, அதிகபட்ச அகலம் யார்டுல. ஆரம்ப நேரம், முடிவு நேரத்தை நேத்து எடுத்து வெச்ச ரேடார் குறிப்போட சேத்துப் பாருங்க. நடுவுல ரெண்டு மைல் சேதமே இல்லன்னா ஒரே டொர்னாடோவா, ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு பிறந்துச்சான்னு ரேடார் வெச்சு முடிவு பண்ணணும், இஷ்டத்துக்கு கோட்டைச் சேக்கக்கூடாது. காடு, ரோடு இல்லாத இடம்னா சில நாள் கழிச்சு மேகம் இல்லாத சென்டினல்-2 சாட்டிலைட் படம் பாருங்க, 10 மீட்டர் துல்லியம்தான், இருந்தாலும் காட்டுல விழுந்த தழும்பு நல்லா தெரியும்.

முதல்ல வெளியிடுற ரேட்டிங் தற்காலிகம்னு எழுதியே வெளியிடுங்க, போட்டோ, நோட்டு எதையும் அழிக்காதீங்க. 2025 ஜூன் 20-ல வடக்கு டகோட்டா எண்டர்லின் டொர்னாடோவுக்கு முதல்ல ஈஎஃப்3 கொடுத்தாங்க. அங்க ஒரு சரக்கு ரயில் கவுந்திருந்துச்சு, காலி டேங்கர் பெட்டி ஒண்ணு 475 அடி தள்ளி கிடந்துச்சு. 28 இண்டிகேட்டர்ல ரயில் பெட்டி கிடையாது. பெட்டியோட எடை, தூரம் எல்லாம் வெச்சுக் கணக்கு போட்டு அக்டோபர்ல அதை ஈஎஃப்5-ஆ மாத்துனாங்க, 2013 மூருக்கு அப்புறம் முதல் ஈஎஃப்5 அது. அதனால லிஸ்ட்ல இல்லாத கனமான சாமான் எது நகர்ந்து கிடந்தாலும், டிராக்டரோ கான்கிரீட் தடுப்போ எதுவானாலும், எங்க இருந்துச்சு, எங்க கிடக்குன்னு ரெண்டு இடத்துலயும் பாயிண்ட் போட்டு, நடுவுல இழுத்துட்டுப் போன தடம் இருக்கா இல்லயான்னு போட்டோ எடுத்து, அதுல இருக்குற எடை பிளேட்டையும் படம் பிடிச்சு வெச்சிடுங்க. கிரேன் வந்து தூக்கிட்டுப் போயிட்டா அப்புறம் அளக்க ஒண்ணும் இருக்காது.